கணக்கில் இல்லாத பெண்: ஜப்பானின் சின்ன பட்ஜெட் ரகசிய ஏஜெண்ட் படங்கள்

1974-இல் டோயெய் நிறுவனம் வெளியிட்ட ‘ஜீரோ உமன்: ரெட் ஹேண்ட்கஃப்ஸ்’ படத்தின் நாயகி ரே ஒரு போலீஸ்காரி. பெண்களைச் சித்திரவதை செய்து கொல்லும் வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருவனை அவள் தீர்த்துக்கட்டுகிறாள். தூதரக விவகாரம் என்பதால் விஷயம் வெளியே கசிந்தால் அரசாங்கத்துக்குத் தலைவலி. அவளுடைய வேலையைப் பிடுங்கிச் சிறையில் தள்ளிவிடுகிறார்கள். பிறகு, பிரதமர் நாற்காலிக்குக் காத்திருக்கும் ஓர் அரசியல்வாதியின் மகளை ரவுடிக் கும்பல் ஒன்று கடத்துகிறது. அதுவும் வெளியே தெரியக் கூடாது. எந்த ஆவணத்திலும் பெயர் இல்லாத ‘பூஜ்ஜியப் பிரிவு’ என்ற போலீஸ் பிரிவு அப்போதுதான் சிறைக்கதவைத் திறந்து ரேயை வெளியே எடுக்கிறது. பெண்ணை மீட்க வேண்டும், கும்பலில் ஒருவனையும் உயிரோடு விடக் கூடாது, நடுவில் செத்துப்போனால் உன்னை யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

மிக்கி சுகிமோட்டோ நடித்த ரேயின் கையில் துப்பாக்கியைவிட அதிகம் வேலை செய்வது நீளமான சங்கிலி கோத்த சிவப்புக் கைவிலங்கு. அதை வீசுகிறாள், கழுத்தில் சுற்றுகிறாள், இழுக்கிறாள். இயக்குநர் யூக்கியோ நோடா படம் முழுவதும் சிவப்பை வாரி இறைக்கிறார். ஆனால் படத்தில் என்னை உலுக்கிய இடம் சண்டை இல்லை. மகள் சீரழிக்கப்பட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் அந்த அரசியல்வாதி எடுக்கும் முடிவுதான். தெட்சுரோ தன்பா அவ்வளவு நிதானமாக நடித்திருப்பார். இனி அவள் திரும்பி வந்தால் தன் அரசியலுக்குத்தான் கேடு, அவளையும் சேர்த்து முடித்துவிடுங்கள் என்கிறார். அந்த நொடியில் ரவுடிக் கும்பலுக்கும் மேலிடத்துக்கும் இருந்த வித்தியாசம் அழிந்துவிடுகிறது.

ஜேம்ஸ் பாண்டின் எண் கொலை செய்வதற்கான உரிமத்தைக் குறிப்பது. ரேக்குக் கிடைத்த எண் பூஜ்ஜியம். அவளுக்கு உரிமமும் இல்லை, பெயரும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஜப்பானின் சின்ன பட்ஜெட் பெண் ஏஜெண்ட் படங்களை வரிசையாகப் பார்த்தால் இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவளுடைய உண்மையான எதிரி அவளுக்கு வேலை கொடுத்த இடம்தான். இது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். அந்த நாட்டின் அரசியலும் அந்தப் படங்களின் பணப்பையும் சேர்ந்து செய்த வேலை அது.

அரசியலை முதலில் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகு ஜப்பானில் சி.ஐ.ஏ. போலவோ எம்.ஐ.6 போலவோ வெளிநாட்டில் உளவு பார்க்கும் தனி நிறுவனம் உருவாகவில்லை. 1952-இல் பிரதமர் அலுவலகத்தின் கீழ் ஒரு சிறிய தகவல் ஆய்வுப் பிரிவும், உள்நாட்டுத் தீவிர அமைப்புகளைக் கண்காணிக்க ஒரு முகமையும் தொடங்கப்பட்டன. மற்ற வேலைகளெல்லாம் போலீஸ் கையில். போர்க்கால ரகசியப் போலீஸின் கொடுமைகளை மக்கள் மறக்கவில்லை. ரகசியம், உளவு என்றாலே நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பும். 1985-இல் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் கொண்டுவந்த உளவுத் தடுப்பு மசோதா அந்த ஆண்டே கைவிடப்பட்டது. அரசு ரகசியங்களைக் காக்கும் சட்டம் ஒன்று நிறைவேற 2013 வரை ஆனது.

இப்படிப்பட்ட நாட்டில் தேசத்துக்காக உலகம் சுற்றும் உளவாளி என்று ஒருவரைத் திரையில் நிறுத்தினால் ரசிகர்கள் நம்ப மாட்டார்கள். 1960-களில் தோஹோ நிறுவனம் பாண்ட் பாணியில் ‘சர்வதேச ரகசியப் போலீஸ்’ என்று ஒரு வரிசையே எடுத்தது. வண்ணமயமான, ஜாலியான படங்கள். அதில் ஒன்றைத்தான் அமெரிக்காவில் வாங்கி, வசனத்தை முழுக்க மாற்றி, வுடி ஆலன் 1966-இல் நகைச்சுவைப் படமாக்கினார். அந்த வகை உளவாளி ஜப்பானில் வேரூன்றவில்லை. வேரூன்றியவள் போலீஸ் அலுவலகத்தின் அடித்தளத்தில் ஒளித்துவைக்கப்பட்ட, கைதியாக இருந்து வேட்டைக்காரியாக மாற்றப்பட்ட பெண்.

பெண் ஏன்? அதற்குப் பதில் டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கிறது. 1958-இல் ஜப்பானியத் திரையரங்குகளில் ஓராண்டில் 112 கோடி டிக்கெட்டுகள் விற்றன. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த பிறகு, 1970-களின் தொடக்கத்தில் அது 20 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. குடும்பங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டன. தியேட்டருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இளம் ஆண்கள். தொலைக்காட்சியில் காட்ட முடியாததைக் காட்டினால்தான் பிழைப்பு. நிக்காட்சு ஸ்டூடியோ 1971 முதல் பாலியல் படங்களுக்கே முழுதாக மாறியது. டோயெய் வேறு வழி கண்டது. யாகுசா எனப்படும் ஜப்பானிய ரவுடிக் கும்பல்களைப் பற்றிய படங்களின் கத்தியையும் பழிவாங்கலையும் பெண்கள் கையில் கொடுத்து, கூடவே நிர்வாணத்தையும் சேர்த்தது. இந்த வகையைப் பிற்காலத்தில் ‘பிங்கி வயலன்ஸ்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அந்த நோக்கத்தில் எந்த உயர்வும் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சரக்காக வைக்கப்பட்ட நடிகைகள் சிலர் அந்தச் சட்டகத்தையே வளைத்தார்கள். மெய்க்கோ காஜி அவர்களில் முதல்வர். 1972-இல் தொடங்கிய ‘ஃபீமேல் பிரிசனர் ஸ்கார்ப்பியன்’ வரிசையின் மூலக்கதை தோரு ஷினோஹாராவின் காமிக்ஸ். ‘ஜீரோ உமன்’ கதையையும் எழுதி வரைந்தவர் அவர்தான். காமிக்ஸில் அந்த நாயகி வாய் ஓயாமல் வசைபாடுபவள். காஜி அந்த வசனங்கள் வேண்டாம் என்றார். விளைவாக, கிட்டத்தட்டப் பேசாமலேயே முறைக்கும் ஒரு பெண் கிடைத்தாள். போலீஸ்காரக் காதலன் தன் ஆதாயத்துக்காக அவளைத் தூண்டிலாகப் பயன்படுத்திக் கைவிட்டான் என்பதுதான் அவள் சிறைக்கு வந்த கதை. ஏஜெண்ட் என்ற பட்டம் மட்டும்தான் இல்லை. மற்றபடி பின்னால் வந்த அத்தனை ரகசியப் பெண்களுக்கும் மூத்தவள் அவள். காஜி பாடிய பாடல்களை ஹாலிவுட் இயக்குநர் டாரன்டினோ ‘கில் பில்’ படங்களில் எடுத்துவைத்தபோதுதான் உலகின் மற்ற மூலைகளுக்கு அவர் குரல் போய்ச் சேர்ந்தது.

1974-இலேயே இன்னொரு பாதையும் திறந்தது. ‘என்டர் தி டிராகன்’ ஜப்பானில் 1973 டிசம்பரில் வெளியாகிக் கராத்தே மோகத்தைக் கிளப்பியிருந்தது. ஆக்‌ஷன் நடிகர் சன்னி சிபா 1970-இல் தொடங்கிய ஜப்பான் ஆக்‌ஷன் கிளப் என்ற ஸ்டண்ட் பள்ளியில் பயிற்சி பெற்ற எட்சுக்கோ ஷிஹோமிக்கு அப்போது 18 வயது. அவரை நாயகியாக வைத்து டோயெய் ‘சிஸ்டர் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ எடுத்தது. போதைப்பொருள் கும்பலுக்குள் ரகசியமாக நுழைந்த அண்ணன் காணாமல் போக, தங்கை ஹாங்காங்கிலிருந்து யோக்கோஹாமாவுக்கு வருகிறாள். கும்பல் ஹெராயினைக் கடத்துவது சவுரிமுடியில் ஊறவைத்து. இந்தக் கற்பனையின் துணிச்சலுக்காகவே அந்தப் படத்தை இரண்டாவது முறை பார்க்கலாம். ஷிஹோமி உடையைக் களையவில்லை, யாரும் வந்து காப்பாற்ற வேண்டும் என்று காத்திருக்கவும் இல்லை. உதைத்தால் உதை அவருடையது, விழுந்தால் விழுபவரும் அவர்தான். ஜப்பானில் பெண் ஆக்‌ஷன் நட்சத்திரம் என்ற வேலை ஒன்று உண்டு என்று நிறுவியவர் அவர். அவருக்குக் கிடைத்த படங்கள் அவருடைய திறமைக்குப் போதவில்லை என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

1980-களில் ரகசிய ஏஜெண்ட் பள்ளிச் சீருடை அணிந்து தொலைக்காட்சிக்குப் போனாள். ஷின்ஜி வாடாவின் காமிக்ஸிலிருந்து டோயெய் தயாரித்து, 1985-இல் ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சுக்கேபான் தெக்கா’ தொடரில் ரவுடிப் பள்ளி மாணவி ஒருத்தி போலீஸின் ரகசியத் துப்பறிவாளர் ஆகிறாள். ஆயுதம் ஒரு யோ-யோ. அதன் மூடி திறந்தால் உள்ளே போலீஸ் சின்னம். சிறுவர்களுக்கான தொடர் என்று கடந்துபோகலாம்தான், ஆனால் அவள் ஏன் அந்த வேலைக்குச் சம்மதிக்கிறாள் என்று கவனியுங்கள். அவளுடைய தாய் மரண தண்டனைக் கைதி. மகள் வேலை செய்யும்வரை தாயின் தூக்கு தள்ளிப்போகும். மாலை நேரத்துத் தொடரில், ஒரு பதின்பருவப் பெண்ணை அரசாங்கம் இப்படி மிரட்டி வேலை வாங்குகிறது. ரேயின் ஒப்பந்தம் அங்கேயும் அப்படியே இருக்கிறது.

பிறகு வந்தது வீடியோ கேசட். இந்த வகைப் படங்களின் உண்மையான பொற்காலம் அதுதான்.

1980-களின் இறுதியில் ஜப்பானில் தெருவுக்குத் தெரு வீடியோ வாடகைக் கடைகள். தியேட்டரில் வெளியான படங்களைக் கொண்டு மட்டும் அத்தனை அலமாரிகளையும் நிரப்ப முடியவில்லை. கடைகளுக்கு விற்கப்படும் வாடகைக் கேசட் ஒன்றின் விலை பத்தாயிரம் யென்னுக்கு மேல். சாதாரண ரசிகர் வாங்கும் விலை இல்லை அது. ஆனால் நாடு முழுக்க உள்ள கடைகள் ஆளுக்கொன்று வாங்கினாலே ஒரு சின்னப் படத்தின் முதலீடு திரும்பிவிடும். தியேட்டர் வேண்டாம், பெரிய விளம்பரம் வேண்டாம், விமர்சகர் வேண்டாம். டோயெய் இந்தக் கணக்கைப் போட்டு 1989 மார்ச்சில் ‘வி-சினிமா’ என்ற முத்திரையில் முதல் படத்தை நேராகக் கேசட்டாக வெளியிட்டது. படம் ‘கிரைம் ஹன்டர்’. நீளம் ஒரு மணி நேரம். வீட்டில் கேசட் பார்ப்பவர்கள் அலுப்பான இடங்களை ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்த தயாரிப்பாளர் தத்சு யோஷிதா, ஓட்டவே தோன்றாத படம் வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். இயக்குநர் தோஷிமிச்சி ஒக்காவா துப்பாக்கிப் பைத்தியம். கற்பனையான ஓர் அமெரிக்க நகரம், அதில் எல்லோரும் ஜப்பானியர்கள், நடுவில் துப்பாக்கி ஏந்திய ஒரு கன்னியாஸ்திரீ. மினாக்கோ தனாக்கா நடித்த அந்தக் கன்னியாஸ்திரீ பழிவாங்கப் புறப்பட்ட போலீஸ்காரனின் தோளோடு தோள் நின்று சுடுகிறாள். ஆக, வி-சினிமாவின் முதல் படத்திலேயே ஆயுதம் ஏந்திய பெண் வந்துவிட்டாள்.

‘கிரைம் ஹன்டர்’ வெற்றி பெற்றதும் மற்ற நிறுவனங்களும் தங்கள் தங்கள் பெயரில் இறங்கின. படப்பிடிப்பு பெரும்பாலும் 16 எம்.எம். ஃபிலிமில், டிவித் திரையின் சதுர அளவுக்கு. குறைந்த நாட்களில் முடிக்க வேண்டும். கடை அலமாரியில் கேசட் அட்டையை வாடிக்கையாளர் சில நொடிதான் பார்ப்பார். அந்த நொடிகளில் அவர் கை நீள வேண்டுமென்றால் அட்டையில் என்ன வேண்டும்? தெரிந்த முகம், துப்பாக்கி, கொஞ்சம் உடம்பு. பெண் ஏஜெண்ட் கதையில் இந்த மூன்றும் ஒரே படத்தில் அடங்கிவிடும். நீச்சலுடை மாடல்கள், கார் பந்தயக் களத்தில் குடை பிடித்து நின்ற பெண்கள், புகழ் மங்கிய பாப் பாடகிகள் என்று நாயகிகள் வந்தார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற தக்காஷி மீக்கே 1991-இல் இயக்குநராக அறிமுகமானதே இந்தச் சந்தையில்தான். அவருடைய ஆரம்பப் படங்கள் குட்டைப் பாவாடைப் பெண் போலீஸ் படையைப் பற்றியும் முன்னாள் சிப்பாயான ஒரு பெண்ணைப் பற்றியும் எடுக்கப்பட்டவை. உலகம் மதித்த கலைப்பட இயக்குநர் ஷோஹெய் இமமுராவிடம் உதவி இயக்குநராக இருந்தவர் அவர். இரண்டுக்கும் இடையே எத்தனை தூரம்!

சரக்கை எப்படி விற்பது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்தார். அட்டைக்குத் தேவையானவை படத்தில் இருந்தால் போதும், மற்றதை இயக்குநர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு ஜப்பானுக்குப் புதிதல்ல. நிக்காட்சுவின் பாலியல் படங்கள் 1988 வரை இதே விதியில் ஓடின. அந்த வரிசை நின்றதும் அங்கே கைதேர்ந்த இயக்குநர்கள் பலர் வேலையின்றி நின்றார்கள். மசாரு கொனுமா, தோஷிஹாரு இக்கேடா போன்றவர்கள் வி-சினிமாவுக்கு வந்தார்கள். குறைந்த வெளிச்சத்தில், ஓர் அறையில், இரண்டு பேரை வைத்துக்கொண்டு எப்படிப் பதற்றத்தை ஏற்றுவது என்பது அவர்களுக்கு அத்துப்படி. இந்தப் படங்களில் சில இன்றும் நிற்கின்றன என்றால் அவர்கள்தான் காரணம்.

கொனுமா 1994-இல் எடுத்த ‘டபுள் எக்ஸ்: பியூட்டிஃபுல் ஹன்டர்’ அதற்கு நல்ல சான்று. தேவாலயத்தை மறைப்பாக வைத்து நடக்கும் ஒரு கொலை அமைப்பு, ஷியோன் என்ற அநாதைப் பெண்ணைக் குழந்தையிலிருந்தே கொலையாளியாக வளர்க்கிறது. வளர்த்தவர் பார்வையற்ற பாதிரியார். அவர் சொன்னால் அவளுக்கு அது கட்டளை, கேள்வியே இல்லை. ஒரு புகைப்படச் செய்தியாளனைச் சந்தித்த பிறகுதான் தனக்கென்று ஒரு விருப்பம் இருக்கலாம் என்பதே அவளுக்கு உறைக்கிறது. அந்தக் கணத்திலிருந்து அமைப்பு அவளை வேட்டையாடுகிறது. கைதியான ஒரு பெண்ணை அரசாங்கம் கொலையாளியாக மாற்றும் கதையான லுக் பெஸ்ஸோனின் ‘நிக்கீட்டா’ என்ற பிரெஞ்சுப் படம் 1990-இல் வந்து உலகம் முழுக்கக் கிளப்பிய அலையின் தாக்கம் இதில் இருக்கிறது. ஆனாலும் நிக்கீட்டாவை விட ஷியோனை எனக்கு நெருக்கமாக உணர முடிகிறது. நிக்கீட்டா வெளியுலகத்தை அறிந்தவள், அதை இழந்தவள். ஷியோனுக்கு இழக்கவே எதுவும் கொடுக்கப்படவில்லை. மக்கிக்கோ குனோ முதல் பாதியில் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்துவிட்டு, பிற்பாதியில் வலியை முதல்முறையாக உணர்பவள் போல மாறுகிறார். கேசட் அட்டைக்காக எடுக்கப்பட்ட படத்தில் இப்படி ஒரு நடிப்பு.

1995-இல் ரேயும் திரும்பி வந்தாள். ‘ஜீரோ உமன்’ வி-சினிமா வரிசையின் முதல் நாயகி நவோக்கோ ஈஜிமா. பந்தயக் களத்திலும் மாடலிங்கிலும் இருந்து வந்தவர். ஏறக்குறைய அதே காலத்தில் ஜார்ஜியா டின் காபி விளம்பரத்தில் களைத்த அலுவலர்களுக்கு ஆறுதல் சொல்லிச் சிரிக்கும் பெண்ணாக வந்து நாடு முழுக்கப் பிரபலமானார். பகலில் விளம்பரத்தில் ஆறுதல், இரவில் கேசட்டில் கொலை. அதற்குப் பிறகு வந்த படங்களில் நடிகைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ரே மட்டும் அதே ரே. செலவைக் குறைக்கச் செய்ததுதான். ஆனால் வரிசையாகப் பார்க்கும்போது அதற்கு வேறொரு அர்த்தம் வந்துவிடுகிறது. பூஜ்ஜியப் பிரிவில் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் யார் உட்கார்ந்தாலும் அவள் பெயர் ரே. ஒருத்தி போனால் அடுத்தவள். திட்டமிட்டு எழுதியிருந்தால்கூட இந்த வரிசையின் கருத்தை இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

பணப்பையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். உளவுப் படத்துக்கு இலக்கணம் என்று நாம் நினைப்பதெல்லாம் பணம் தின்னும் விஷயங்கள். வெளிநாடுகள், ஹெலிகாப்டர், எதிரியின் கோட்டை. இவை எதுவும் கையில் இல்லை என்றால் கதை எங்கே நடக்கும்? மேலதிகாரியின் அறையில், அவளுடைய அபார்ட்மென்ட்டில், ஒரு கார் நிறுத்துமிடத்தில், கைவிடப்பட்ட தொழிற்சாலையில். டோக்கியோ சாலைகளில் படம்பிடிக்க அனுமதி வாங்குவது பெரும்பாடு. படப்பிடிப்புகளுக்கு உதவ மாநகர நிர்வாகமே ஓர் அலுவலகம் தொடங்கியது 2001-இல்தான். அதுவரை கேமராவை மறைத்துவைத்து எடுத்துவிட்டு ஓடுவார்கள், இல்லையென்றால் துறைமுகத்துக் கிடங்குப் பக்கம் போவார்கள். ஆக, எதிரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். மேலதிகாரியைவிடக் கிட்டத்தில் இருக்கும் எதிரி வேறு யார்? ரேக்கு நேரும் துரோகத்துக்கு அரசியல் பாதி காரணம் என்றால் வாடகைக் கட்டடங்கள் மீதிப் பாதி.

துப்பாக்கிகளுக்கும் இதே நிலைதான். ஜப்பானில் துப்பாக்கிச் சட்டம் கடுமையானது. ஹாலிவுட்டில் போல நிஜத் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுப் படம்பிடிக்க வழியில்லை. பொம்மைத் துப்பாக்கிக்குக்கூடக் கட்டுப்பாடு உண்டு. 1971-க்குப் பிறகு உலோக மாதிரிக் கைத்துப்பாக்கிகளுக்கு வெள்ளையோ மஞ்சளோ பூசி, குழாயையும் அடைத்தாக வேண்டும். ஆகவே சினிமாவுக்குப் பிளாஸ்டிக்கில் செய்து, குழாய் முனையில் சிறிது வெடிமருந்து வைத்து, விசையை இழுத்தால் பேட்டரி மின்சாரத்தில் அது பற்றும்படி ஏற்பாடு செய்தார்கள். வைத்த மருந்து எத்தனையோ அத்தனை முறைதான் சுடலாம். பிறகு கட், மறுபடி மருந்து. கையில் அதிர்வும் இருக்காது. பின்னுதைப்பை நடிகை தோளாலும் மணிக்கட்டாலும் நடித்துக் காட்ட வேண்டும். இந்தப் படங்களில் துப்பாக்கிச் சண்டை துண்டு துண்டாக, ஒரு வெடி, ஒரு முகம், ஒரு வெடி என்று நகர்வதை இனிக் கவனித்துப் பாருங்கள். ஸ்டைல் என்று நாம் ரசிப்பதில் பாதி அந்த மருந்துக் கணக்கிலிருந்து வந்தது. சில குழுக்கள் கைவிலங்கு, கம்பி, கத்தி என்று மாற்று ஆயுதங்களைத் தேடிப் போனதற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தப் படங்களைப் பரிந்துரைக்கும்போது ஒரு விஷயத்தை மழுப்ப முடியாது. இவற்றில் பலவற்றில் பாலியல் வன்முறை வருகிறது, அதுவும் பார்ப்பவரைக் கிளர்ச்சியூட்டும் விதமாக. அவள் பழிவாங்குகிறாளே என்று சொல்லி அதை நியாயப்படுத்துபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசிப் பத்து நிமிடப் பழிவாங்கலுக்காக அதற்கு முன் நாற்பது நிமிடம் ஒரு பெண்ணின் உடலை அவமானப்படுத்திக் காட்டுவது வியாபாரம். ‘ரெட் ஹேண்ட்கஃப்ஸ்’ படத்திலேயே கண்ணை மூடிக்கொள்ள வைக்கும் காட்சிகள் உண்டு. ஆனால் அதற்காக மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டால், அரசாங்கம் ஒரு பெண்ணை எப்படிப் பயன்படுத்தித் தூக்கிப் போடுகிறது என்று 1974-இலேயே ஒரு ஸ்டூடியோ படம் பச்சையாகச் சொன்னதையும் சேர்த்து ஒதுக்கிவிடுவோம். பிரதமர் கக்குயெய் தனாக்கா பண ஊழல் புகாரில் பதவி விலகியது அதே ஆண்டின் இறுதியில். அன்றைய பார்வையாளருக்கு அந்த அரசியல்வாதிப் பாத்திரம் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

2000-க்குப் பிறகு வாடகைக் கடைகள் தேய்ந்தன. வி-சினிமாவிலும் யாகுசா கதைகளும் கந்துவட்டிக்காரர் கதைகளுமே நிலைத்தன. ரிக்கி தக்கேயுச்சி நடித்த ஒரு கந்துவட்டி வரிசை மட்டும் 60 படங்கள் ஓடியது. பெண் ஏஜெண்ட் ஓரங்கட்டப்பட்டாள். 2009-இல் நிஜமான கராத்தே வீராங்கனை ரினா தக்கேதா ‘ஹை கிக் கேர்ள்’ படத்தில் கம்பியில் தொங்கவிடும் வித்தை எதுவும் இல்லாமல் உதைத்துக் காட்டியபோது ஷிஹோமியின் நினைவு வந்தது. கதைதான் கைகொடுக்கவில்லை.

கதையும் சண்டையும் சேர்ந்து வந்தது 2021-இல். யூகோ சக்கமோட்டோ இயக்கிய ‘பேபி அசாசின்ஸ்’ மிகச் சின்னப் படம். உயர்நிலைப் பள்ளியை முடித்த இரண்டு கொலையாளிப் பெண்களை அவர்களுடைய நிறுவனம் ஒரே வீட்டில் குடிவைத்து, சமூகத்தோடு ஒட்டி வாழப் பகுதிநேர வேலை தேடிக்கொள்ளச் சொல்கிறது. அக்காரி தக்காயிஷி நடித்த சிசாத்தோ கலகலப்பானவள், சவோரி இசாவா நடித்த மஹிரோ முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுபவள். இசாவா உண்மையில் ஸ்டண்ட் கலைஞர். ‘ஜான் விக்’ நான்காம் பாகத்தில் ரினா சவயாமாவுக்கு டூப் போட்டவர். சண்டை அமைப்பாளர் கென்சுக்கே சோனோமுரா அவரை வைத்துச் செய்திருப்பதைப் பாருங்கள். உயரமான ஆண் எதிரியின் பலத்தோடு அவர் பலத்தை மோதவைப்பதில்லை. ஒட்டிக்கொள்கிறார், வழுக்குகிறார், எதிரியின் கையைச் சட்டையோடு சேர்த்து மடக்குகிறார், மூச்சு வாங்குகிறார். துண்டு துண்டான வெட்டுகள் இல்லை. கேமரா நின்று பார்க்கிறது.

அதைவிட முக்கியமானது நிறுவனம் மாறிய விதம். பூஜ்ஜியப் பிரிவு ரேயை மிரட்டி வேலை வாங்கியது. இந்த நிறுவனத்துக்கு மிரட்டல் தேவையே இல்லை. விதிமுறை உண்டு, காப்பீட்டுத் தவணை உண்டு. 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இருவரும் கட்ட மறந்த பணத்தைக் கட்டுவதற்காக வங்கிக்கு ஓடுகிறார்கள். அங்கே கொள்ளையர்கள். வேறு வழியின்றி அவர்களை அடித்து வீழ்த்த, அனுமதியில்லாமல் சண்டையிட்டதற்காகப் பணியிடைநீக்கம். இவர்களைக் கொல்ல வருகிற இரண்டு பையன்களுக்கும் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அவர்கள் தற்காலிகப் பணியாளர்கள். நிரந்தரப் பணியில் இருக்கும் இந்த இருவரும் செத்தால் அந்த இடம் தங்களுக்குக் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். நிரந்தர வேலை கிடைக்காத ஒரு தலைமுறையின் கதையைக் கொலைகாரர்களை வைத்துச் சொல்லியிருக்கிறார் சக்கமோட்டோ. அந்தப் பையன்களோடு மோதும் கடைசிச் சண்டை முடிந்தபோது யார் ஜெயித்ததற்கும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. 2024-இல் மூன்றாம் பாகமும் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்தன.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். ‘பேபி அசாசின்ஸ்’ முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து ‘சிஸ்டர் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’. அதன் பிறகு ‘பியூட்டிஃபுல் ஹன்டர்’, ‘கிரைம் ஹன்டர்’. இவை இரண்டும் பல காலம் நல்ல பிரதியாகக் கிடைக்காமல் இருந்து, 2025-இல் ஆரோ நிறுவனம் வெளியிட்ட வி-சினிமா புளூ-ரே தொகுப்பில் மற்ற சில படங்களோடு துப்புரவாக வந்திருக்கின்றன. ‘ரெட் ஹேண்ட்கஃப்ஸ்’ படத்தைக் கடைசியாக, மனதைத் தயார்செய்துகொண்டு பாருங்கள். ‘ஜீரோ உமன்’ கேசட் வரிசையில் ஈஜிமா நடித்த முதல் படம் போதும். அது ஆங்கிலத்தில் ‘ஃபைனல் மிஷன்’ என்ற தலைப்பில் கிடைக்கும். கடைசிப் படம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், அந்த வரிசை தொடங்குவதே அங்கேதான்.